உருவும் வினையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதன் கணக்கைச் சிறிது ஊன்றிப் பார்ப்போமாயின், முழுமையும் ஆளுக்கும் ஆடைக்குமாகப் பங்கிடப்பட்டுவிட்டமை புலனாகும். கல்விக்கும் திறமைக்கும் எஞ்சியது யாதுமில்லை. ‘ஆள்’ என்ற பாதிக்குள் அவை அடங்கும் என அமைதி கூறுவாரும் உளர். ஆயின் இன்றைய உத்தியோகச் சந்தையில் அந்தப் பாதியும் நிறம், முகவெட்டு, உயரம், பருமன் எனக் கூறுபடுத்தப்பட்டு மதிப்பிடப்படுகின்றது. ஒருவரது தோற்றம் அவரது தொழில்வாய்ப்பை எவ்வளவு தூரம் தீர்மானித்தல் முறையாகும்? அத்தோற்றத்தைப் பூச்சாலும் மருந்தாலும் மாற்றிக்கொள்ள முயல்வோர் பெறுவது யாது? இழப்பது யாது? நம் இலக்கியங்களையும் இக்கால ஆய்வுகளையும் துணைக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் படித்து வெளிவரும் இளைஞரின், சிறப்பாகப் பெண்களின், வாழ்வைத் தொடுவன. முன்னைத் தலைமுறையில் உயர்தர வகுப்பை முடித்த பிள்ளையின் கண்முன் நின்றவை ஆசிரியத் தொழிலும் எழுதுவினைஞர் பதவியும் போன்ற அரசாங்க உத்தியோகங்களே. அவற்றுக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். போட்டிப் பரீட்சை நடைபெறும். புள்ளிகளின் வரிசை வெளியாகும். 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின் நிலைமை மாறிற்று. வங்கிக் கிளைகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதி அலுவலகங்கள், தொலைபேசிக் கம்பனிகளின் காட்சியறைகள், பெரிய விற்பனை நிலையங்கள் என்பன கிழக்கிலங்கை நகரங்களிலே பெருகலாயின. இவை பலருக்கு வாழ்வளித்துள்ளமையை மறுத்தல் நன்றியாகாது. ஆயின் இவற்றின் ஆட்சேர்ப்பு முறை வேறு. பத்திரிகையிலே வரும் வெற்றிட விளம்பரங்களைப் பார்க்குக. கல்வித் தகைமை ஒரு வரி. வயதெல்லை ஒரு வரி. ‘இனிய தோற்றம் உடையவராதல் வேண்டும்’ என்பது மற்றொரு வரி. அண்மையில் எடுத்த நிழற்படம் ஒன்றை இணைக்குமாறு கேட்பது இறுதி வரி. எந்தப் பதவிக்கு எந்தத் தோற்றம், ஏன் வேண்டும் என்பதை அவ்விளம்பரம் கூறுவதில்லை. கூறாமையினாலேயே ஒவ்வொரு பெண்ணும் தன் கண்ணாடியைப் பார்த்து அவ்வரிக்குப் பொருள் காண வேண்டியவளாகின்றாள்.

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவி, “சேர், என்னென்ன கேப்பாங்க?” என்று ஆசிரியரிடம் வினவியது ஒரு காலம். “சேர், போட்டோவில கறுப்பா விழுந்திருக்கு, வேற எடுக்கட்டா?” என்று வினவுவது இக்காலம். இரண்டாவது வினாவில் அவளது பேதைமை எதுவும் இல்லை. தன்னைத் தெரிவு செய்வோர் எதைப் பார்க்கின்றனர் என்பதை அவள் நன்கு அறிந்தே வினவுகின்றாள். ஆதலின், நம் ஆராய்ச்சி அவளைப் பற்றியதாக அமைவதிலும் அவளைத் தெரிவு செய்வோரைப் பற்றியதாக அமைதலே பொருத்தமாகும்.

முதற்கண், ஒருவரை ஒரு வினைக்குத் தெரிவு செய்யும் முறைபற்றி நம் முன்னோர் கூறியவற்றை நோக்குவாம். இத்துறையில் திருக்குறளினும் விரிந்த நூல் நமக்கு வேறில்லை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற இரண்டு அதிகாரங்களை இதற்கென்றே வள்ளுவர் வகுத்துள்ளார். ஆயின் தோற்றத்தைப் பொறுத்தமட்டில் அவர் கூற்றிலே ஒரு முரண் உள்ளதுபோலத் தோன்றும். வினைத்திட்பம் என்ற அதிகாரத்திலே, உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழ்தல் ஆகாதென்று கூறி, உருண்டோடும் பெரிய தேரைத் தாங்கி நிற்கும் சிறிய அச்சாணியை அவர் எடுத்துக் காட்டுகின்றார். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. இரண்டு அதிகாரங்கள் கடந்து, தூது என்ற அதிகாரத்திலே, வேற்றரசனிடம் செல்வோனுக்கு இருக்க வேண்டியவற்றை எண்ணுமிடத்து, அறிவு, ஆராய்ந்த கல்வி என்பவற்றோடு ‘உரு’ என்பதையும் அவரே சேர்த்துள்ளார். இது பலர் கருத்திற் கொள்ளாதது. ஓரிடத்தில் உருவைப் பார்க்கற்க என்றவர், மற்றோரிடத்தில் உருவைத் தகுதியாக வைத்தது எங்ஙனம்? இன்றைய முகாமையாளர் ஒருவர், “வள்ளுவரே தோற்றம் வேண்டும் என்றாரன்றோ?” எனக் கேட்பின் நாம் கூறத்தக்க விடை யாது?

விடையைத் தூது என்ற அதிகாரத்திலேயே காணலாம். அவ்வதிகாரத்திலே தூதனின் தகுதிகளை மும்மூன்றாக எண்ணும் குறள்கள் நான்கு உள்ளன. அன்பு, குடிப்பிறப்பு, வேந்தர் விரும்பும் பண்பு என்பன ஒன்றிலும், அன்பு, அறிவு, சொல்வன்மை என்பன மற்றொன்றிலும், தூய்மை, துணைமை, துணிவு என்பன பிறிதொன்றிலும் எண்ணப்படுகின்றன. உரு என்பது இம்மூன்றிலும் இல்லை. நான்கனுள் ஒன்றிலேதான் அது வருகின்றது. அன்றியும், ‘இன்றியமையாத’ என்ற அடையை வள்ளுவர் கொடுத்திருப்பது அன்பையும் அறிவையும் சொல்வன்மையையும் கூறும் குறளுக்கேயாம். அவ்வடை உருவுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆகவே, உரு என்பது இருப்பின் துணைசெய்வது. இல்லையேல் வினை கெடும் என்று கருதப்படாதது. இதனை நாம் வலிந்து கூறவில்லை. நூலாசிரியரின் சொல்லமைதியே காட்டுகின்றது.

இனி, உரு என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் கொண்ட பொருளையும் நோக்குதல் வேண்டும். காண்போர் விரும்பத்தக்க தோற்றப் பொலிவு என்பது அவர் கருத்து. பொலிவு என்பது நிறமன்று, உயரமுமன்று. நடையிலும் நிற்கும் நிலையிலும் கண்ணின் தெளிவிலும் ஆடையின் தூய்மையிலும் புலப்படும் ஒளியை நாம் பொலிவு என்கின்றோம். அஃது ஒருவர் பழகிப் பெறக்கூடியது. அதனை வள்ளுவர் வேண்டியதும் எல்லா வினைக்குமன்று. தூதன் என்பவன் தன் அரசனுக்காகப் பகையரசனின் அவையிலே தனித்து நிற்பவன். அவனைக் கண்டவுடன் மதிப்பு எழாவிடின் அவன் கூறும் சொல் அவையேறாது. அவ்வினையின் தன்மை அவ்வாறிருத்தலின் அதற்கு அத்தகுதி கூறப்பட்டது. படைத்தலைவனுக்கோ அமைச்சனுக்கோ ஒற்றனுக்கோ ஒரே உரு வேண்டுமென்று அவர் கூறினாரல்லர். ஒற்றனுக்கு எவரும் ஐயுறாத உருவே வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் கருத்து. எனவே, வள்ளுவரிடம் முரண் இல்லை. வினை எதுவோ அதற்கேற்ற தோற்றத்தைக் கேட்கலாம். வினைக்குத் தொடர்பில்லாத தோற்றத்தைக் கேட்டலும், தோற்றக் குறைவு கருதி வினைத்திறனை இகழ்தலும் ஆகா. இதுவே அவ்விரு குறள்களையும் இணைத்து நோக்கும்போது பெறப்படும் விதியாகும். கல்லாமை என்ற அதிகாரத்திலே, நுண்ணிய அறிவில்லாதவனது அழகை மண்ணாற் செய்து அழகுபடுத்திய பாவையின் அழகுக்கு ஒப்பிட்டமையும், தெரிந்து தெளிதலிலே, ஒருவரது தரத்தை உரைத்துப் பார்க்கும் கல் அவர் செய்த செயல்களே என்றமையும் இவ்விதிக்கு அரணாக நிற்கின்றன.

வள்ளுவரின் தூதனிலிருந்து நமக்கு அணித்தான ஒரு தொழிலுக்கு வருவோம். நன்னூலார் நல்லாசிரியனின் இலக்கணத்தைப் பாயிரத்திலே விரித்துக் கூறியுள்ளார். அருள், கொள்கை, கலைபயில் தெளிவு, சொல்வன்மை, உலகியலறிவு என அப்பட்டியல் செல்கின்றது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்ற நான்கும் உவமைகளாகின்றன. நிலத்தின் பொறுமையும் மலையின் உறுதியும் கோலின் நடுநிலையும் மலரின் இனிமையும் வேண்டும் என்பது கருத்து. அப்பட்டியலின் முதற்கண் குலம் வைக்கப்பட்டுள்ளது. அதனை இக்காலத்தார் ஏற்றல் இயலாது, ஏற்றலும் தகாது. ஆயின், குலத்தை மறவாத அக்காலத்து நூலாசிரியர்கூட ஆசிரியனின் நிறத்தையோ முகத்தையோ ஒரு தகுதியாக எண்ணவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். மாணாக்கர் முன் நாள்தோறும் நின்று பேசுதலே ஆசிரியனின் தொழில். பலர் கண்ணிற்படும் தொழில்களுள் இதுவும் ஒன்று. அதற்கே வேண்டாத அழகு, கணக்கேட்டின் முன்னமர்ந்து கூட்டலும் கழித்தலும் செய்யும் ஒருவருக்கு எதற்கு வேண்டும்?

தோற்றம் என்ற பொதுச் சொல்லின்கீழ் இன்று மிகுதியாக ஆட்சி செய்வது நிறமே. ‘வெள்ளை’, ‘பொதுநிறம்’, ‘கறுப்பு’ என்று மணப்பேச்சிலே வழங்கிய படிநிலை உத்தியோகத்திலும் புகுந்துள்ளது. வெண்ணிறமே அழகு என்பது தமிழரின் தொன்றுதொட்ட கருத்து எனச் சிலர் எண்ணுவர். சங்க இலக்கியம் அதற்குச் சான்று பகர்வதில்லை. அகப்பாடல்களில் தலைவியின் அழகு ‘மாமை’ என்ற சொல்லாற் சிறப்பிக்கப்படுகின்றது. மாந்தளிரின் நிறமென்றும் கருமை சார்ந்த நிறமென்றும் அதற்குப் பொருள் கூறுவர்; வெண்மை என்று கூறுவாரில்லை. ‘மாயோள்’ என்பது தலைவியைக் குறிக்கும் இனிய பெயர்களுள் ஒன்று. அம்மாமை கெட்டு மேனி வெளிறுதலையே பசலை என்றனர். பசலை பிரிவால் வரும் நோய். தோழி கண்டு வருந்துவது. செவிலி கண்டு அஞ்சுவது. பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரமே திருக்குறளில் அதற்குண்டு. மேனியின் வெளிறலை நோயாகக் கண்ட ஓர் இலக்கிய மரபின் வழிவந்தோர், இன்று அவ்வெளிறலைக் குப்பியிலும் குழாயிலும் விலைகொடுத்து வாங்குகின்றனர். பிற்கால இலக்கியங்களிலே பொன்மேனியும் செம்மேனியும் மிகுந்தமை உண்மையே. எனினும், கறுப்பு என்பது குறை என்ற எண்ணத்தை நம் மரபின் தலைமேற் சுமத்துதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

இனி, இவ்வெண்ணத்தை உத்தியோகத்தோடு இணைத்து வளர்த்தது எதுவெனக் காண்பாம். 1975 ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் கம்பனி இந்தியாவில் ‘பெயார் அன்ட் லவ்லி’ என்ற முகக்கிறீமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலப்போக்கில் அஃது இலங்கை உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் வீட்டுப் பொருளாயிற்று. முற்பகுதியில் அதன் விளம்பரங்கள் மணவாழ்வைச் சுட்டின. பின்னர் உத்தியோகத்தைச் சுட்டலாயின. அவற்றுள் ஒன்று பெரும் விவாதத்துக்குள்ளானது. வயது முதிர்ந்த தந்தை ஒருவர், உழைத்துத் தர ஒரு மகன் இல்லையே என வருந்துகின்றார். அவரது மகள் அதனைக் கேட்கின்றாள். கிறீமைப் பூசுகின்றாள், நிறம் வெளுக்கின்றது, விமானப் பணிப்பெண்ணாக உத்தியோகம் பெறுகின்றாள், பெற்றோர் மகிழ்கின்றனர். அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கம் இவ்வகை விளம்பரங்களுக்கெதிராகக் கம்பனியிடமும் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிட்டது. 2003 ஆம் ஆண்டில் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது.

விளம்பரமும் ஒரு கதையே. ஆதலின் கதையைத் திறனாயும் முறையிலே அதனைத் திறனாய்தல் தகும். அக்கதையின் சிக்கல் யாது? மகளை உழைப்பாளியாகக் கருதாத சமூகத்தின் குறை. அச்சிக்கலுக்குக் கூறப்படும் தீர்வு யாது? மகளின் தோலை மாற்றுதல். சிக்கல் ஓரிடத்திலும் தீர்வு வேறோரிடத்திலும் இருப்பது கதைக்கட்டின் முதற்குறை. அப்பெண் எதுவரை படித்தாள், எத்தனை மொழி அறிவாள், இடுக்கணில் எவ்வாறு நடந்துகொள்வாள் என்பன கதையில் எங்கும் கேட்கப்படவில்லை. வானூர்தியில் பணிபுரிவோருக்கு வேண்டியவையோ அவைதாம். தலைவிக்குப் பாத்திரப் பண்பு இன்மை இரண்டாவது குறை. மூன்றாவது குறையே பெரிது. அப்பெண்ணை முன்பு மறுத்து, நிறம் வெளுத்தபின் ஏற்றுக்கொள்ளும் உத்தியோகத்தர் கதையில் ஒரு குற்றவாளியாகக் காட்டப்படவில்லை. அவரது விருப்பம் மழையும் வெயிலும்போல இயற்கையானதாகக் கொள்ளப்பட்டுவிட்டது. மழைக்குக் குடை பிடிப்பதுபோல அவர் விருப்பத்துக்குக் கிறீம் பூச வேண்டும் என்பதே அக்கதையின் நீதி. இந்நீதியை ஏற்றுக்கொண்ட சமூகத்திலே, வேலை கிடையாத பெண் தெரிவுக் குழுவை நோவதில்லை. தன் முகத்தையே நோகின்றாள்.

பின்வந்த ஆண்டுகளிற் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2014 ஆம் ஆண்டில் இந்திய விளம்பரத் தரக் கழகம், கறுத்த நிறத்தாரை மணத்திலோ உத்தியோகத்திலோ தோல்வியுறுவோராகக் காட்டலாகாதென விதி வகுத்தது. 2020 ஆம் ஆண்டில் அக்கிறீமின் பெயரும் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்றே. ஆயின் விண்ணப்பப் படிவத்தின் வலது மூலையிலுள்ள நிழற்படக் கட்டம் மாறவில்லை. அக்கட்டம் உள்ளவரை, எப்பெயரிலேனும் அப்பொருளுக்கு வாங்குவோர் இருப்பர்.

தோற்றத்தால் உத்தியோகத்தில் நேரும் வேறுபாடு வெறும் மனப்பிரமை என்று கூறிப் பிள்ளைகளைத் தேற்றுதலும் பொருந்தாது. ஹமர்மெஷ், பிடில் என்ற பொருளியலறிஞர் இருவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 1994 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தோற்றத்தில் குறைந்தவராக மதிப்பிடப்பட்டோர், நடுத்தரத் தோற்றமுடையோரைக் காட்டிலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைந்த ஊதியம் பெறுதலை அவர்கள் கண்டனர். ஆடவருக்கும் இஃது பெண்களுக்குக் குறையாத அளவிற் பொருந்தியது. மேலும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வூதிய வேறுபாடு பெரும்பாலும் தொழிலின் வகையைச் சாராதிருந்தது. அழகு வேண்டும் தொழிலில் மட்டும் அது காணப்பட்டிருப்பின், தூதனுக்கு உரு வேண்டியதுபோல என அமைதி கூறலாம். அழகு வேண்டாத தொழிலிலும் அது காணப்பட்டமையால், பிழை வினையில் இல்லை, தெரிவு செய்வோரின் கண்ணிலேயே உள்ளதென்பது தெளிவு. வள்ளுவரின் விதி எங்கே மீறப்படுகின்றது என்பதை இவ்வாய்வு எண்ணிக்கையாற் காட்டுகின்றது எனலாம்.

இம்மீறலின் விலையை உடலாற் செலுத்துவோர் பலர். வெண்மையாக்கும் கிறீம்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றுள் பாதரசம் சேர்க்கப்படுகின்றது. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்ற பொருள் உண்டாவதை அது தடுக்கும். அதனாலேயே முகம் வெளுக்கும். ஆயின் அது தோலினூடாக உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசுபவளோடு நில்லாமல், அவள் அணைக்கும் குழந்தைக்கும் ஒரே தலையணையிற் படுக்கும் தங்கைக்கும் அது பரவக்கூடும். வேறு சிலவற்றுள் வைத்தியரின் சீட்டின்றிப் பாவிக்கக்கூடாத வலிய ஸ்டெரொயிட் மருந்துகள் கலக்கப்படுகின்றன. அவற்றால் முதலில் முகம் தெளிந்ததுபோலத் தோன்றும். பின்னர் தோல் மெலியும், நுண்குருதிக் குழாய்கள் வெளித்தெரியும், பருக்கள் எழும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அவ்வெரிவுக்கு அஞ்சி மீண்டும் அதனையே பூசுவர். அச்சுற்றிலிருந்து மீளல் அரிது.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அழகுசாதனப் பொருள்களிலே பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசம் ஆகாதென அது முதலில் வரையறுத்தது. 2023 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய நாடுகள் அச்சிற்றளவையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் யாவற்றையும் 2025 உடன் ஒழிப்பதெனத் தீர்மானித்தன. அதே ஆண்டில் காபொன், யமேக்கா ஆகிய நாடுகளோடு இலங்கையும் சேர்ந்து, இத்தகைய வெண்மையாக்கும் பொருள்களை ஒழிப்பதற்கென 1 கோடியே 40 இலட்சம் டொலர் செலவிலான செயற்றிட்டத்தைத் தொடங்கியது. தீவின் மறுகோடியில் நடக்கும் செய்தியாக இதனை நாம் கொள்ளலாகாது. உற்பத்தியாளரின் பெயரும் உட்பொருள்களின் விவரமும் அற்ற குப்பியை எந்தச் சந்தையிற் கண்டாலும் ஐயுறுதல் வேண்டும். மணப்பெண்ணை அலங்கரித்தும் கூந்தலைத் திருத்தியும் நேர்மையாக உழைத்து வாழும் பெண்கள் நம்மிடையே பலர். அவர் தொழிலை இழித்துரைத்தல் நம் கருத்தன்று. அலங்காரம் வேறு, நஞ்சு வேறு. முகத்துக்கு மாவு பூசுதலை நாம் தடுக்கவில்லை. சிறுநீரகத்தை ஈடுவைத்து ஒரு வரவேற்பாளர் பதவியைப் பெற முயல்வதையே தடுக்க விழைகின்றோம்.

சட்டம் துணைசெய்யுமா எனச் சிலர் வினவலாம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்னும் காரணங்களால் ஓரவஞ்சனை காட்டலாகாதென்கின்றது. உடற்றோற்றம் அவ்வரிசையிற் சொல்லப்படவில்லை. அவ்வுரிமைக்காக உயர்நீதிமன்றத்தை நாடுவதும் அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே இயலும். தனியார் கம்பனியின் நேர்முகப் பரீட்சை அறைக்குள் அது புகுவதில்லை. பிற நாடுகளிற் சில இத்துறையில் முன்சென்றுள்ளன. பிரான்சு 2001 ஆம் ஆண்டிலே உடற்றோற்றத்தையும் தடைசெய்யப்பட்ட பாரபட்சக் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயரத்தையும் எடையையும் சேர்த்தது. நியூயோர்க் நகரம் 2023 இல் அதனைப் பின்பற்றியது. நம் நாட்டிலும் இவ்வாறான சட்டம் வருதல் விரும்பத்தக்கது. ஆயின் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எளிய வழியொன்று உண்டு.

அவ்வழியை இசையுலகம் காட்டியுள்ளது. அமெரிக்காவின் பெரிய வாத்தியக் குழுக்கள் பல, 1970 களிலிருந்து, புதிய கலைஞரைத் தெரிவுசெய்யும்போது நடுவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரையொன்றைத் தொங்கவிடும் வழக்கத்தை மேற்கொண்டன. காலடியோசை ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடும் என்று கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு. இக்குழுக்களிலே பெண்களின் தொகை பின்னர் உயர்ந்தது. அவ்வுயர்வில் திரைக்கும் பங்குண்டு என கோல்டின், ரவுஸ் என்ற அறிஞர் 2000 ஆம் ஆண்டில் ஆய்ந்து கூறினர். காது கேட்க வேண்டிய வினையிலே கண்ணை விலக்கி வைத்தமையே அத்திரையின் பயன்.

இத்திரை நமக்குப் புதிதன்று. நம் பொதுப் பரீட்சைகள் யாவும் திரைக்குப் பின்னால் நடப்பனவே. விடைத்தாளிலே பிள்ளையின் பெயரில்லை. சுட்டெண் மட்டுமே உண்டு. படுவான்கரை வயலிலே தாயோடு களைபிடுங்கி வெயிலிற் கறுத்த பிள்ளையா, நகரத்திலே நிழலில் வளர்ந்த பிள்ளையா என்பதைப் புள்ளியிடுபவர் அறியார். கற்ற நாளெல்லாம் சுட்டெண்ணின் நீதியிலே நம்பிக்கை வைத்து வளர்ந்த பிள்ளை, முதல் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் அன்றே அந்நீதியை இழப்பது எவ்வளவு கொடிது! அதனை உத்தியோகத்துக்கும் நீட்டுதல் அரிதன்று. முதற்கட்டத் தெரிவிலே நிழற்படத்தைக் கேளாதிருக்கலாம். ஆளை அடையாளங் காணும் தேவை பதவி கொடுக்கும் வேளையிலேதான் எழுகின்றது. அப்போது படம் பெறலாம். நேர்முகப் பரீட்சையிலே எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டு, அப்புள்ளிகளைக் கூட்டியே முடிவு செய்யலாம். ‘இனிய தோற்றம்’ என்ற வரிக்குப் பதிலாக, ‘துப்புரவான உடையும் மும்மொழியிற் பேசும் ஆற்றலும் வேண்டும்’ என வினைக்கு வேண்டியதை வெளிப்படையாக எழுதலாம். இவற்றுக்குச் சட்டமும் வேண்டா, செலவும் இல்லை. இத்தகைய முறையால் நிறுவனத்துக்கும் நட்டமில்லை; திறமையுள்ள ஒருவரை இழக்காமையே அதற்கு இலாபமாகும்.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினருக்கு மாலையிடவும், வரவேற்பு நடனத்தின் முன்வரிசையில் நிற்கவும், விழா நிகழ்ச்சியை அறிவிக்கவும் எவ்வகைப் பிள்ளைகள் தெரிவு செய்யப்படுகின்றனர் என்பதை ஒவ்வொரு பாடசாலையும் எண்ணிப் பார்த்தல் நன்று. தெரிவுக் குழுவின் முதல் வடிவத்தைப் பிள்ளை அங்கேயே காண்கின்றது. நன்றாக ஆடும் பிள்ளை நிறங்கருதிப் பின்வரிசையில் நிறுத்தப்படின், அப்பிள்ளை அன்று கற்கும் பாடத்தை எந்தப் பாடப்புத்தகமும் அழிக்கமாட்டாது. மாறாக, எந்த வேலைக்கு எது வேண்டுமோ அதனை மட்டும் நோக்கித் தெரிவு செய்யும் பழக்கம் பாடசாலையில் வேரூன்றுமாயின், அப்பழக்கத்தோடு வளர்ந்த பிள்ளைகளே நாளை தெரிவுக் குழுக்களில் அமர்வர்.

உத்தியோகத்துக்குச் செல்லும் மாணவியருக்கும் மாணவருக்கும் கூறவேண்டியது சிறிதே. வள்ளுவர் தூதனுக்கு வேண்டிய உருவை நீங்களும் பெறலாம். துவைத்த உடை, சீவிய தலை, நிமிர்ந்த இருக்கை, எதிரில் உள்ளவரின் கண்ணை நோக்கித் தெளிவாகப் பேசும் பழக்கம் என்பன எல்லோரும் அடையத்தக்கவை. அவற்றில் அசட்டை கூடாது. அவற்றுக்கு அப்பால் உங்கள் தோலின் நிறத்தைக் கேட்போர், தம் வினைக்கு வேண்டாததைக் கேட்கின்றனர் என்று அறிக. அங்கே நிகழும் தோல்வி உங்களுடையதன்று.

நம் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையை படுவான்கரை என்றும் அழைக்கின்றோம். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டு ஊருக்குப் பெயரிட்ட மக்கள், அந்த ஞாயிறு தம் மேனியில் எழுதிய நிறத்துக்கு நாணவேண்டிய காரணம் யாதும் இல்லை. நாணவேண்டியவர், அச்சாணியின் அளவைப் பார்த்து அதனை வீசியெறிந்துவிட்டுத் தேர் ஓடவில்லையே எனக் குறைகூறுவோரேயாவர்.